திடலில் ஓடிய ரயில்

எழுபதுகளில் அடி அண்ணாமலைக்காரர்களிடம் ரயிலைப் பற்றிக் கேட்டால், காட்பாடிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே கரிப்புகை விட்டுக்கொண்டு போகிற ரயிலை யாரும் சொல்லமாட்டார்கள். கார்த்திகை தீபத்துக்குத் தீபம் ஏரிக்கரைத் திடலில் ஓடுகிற ரயிலைத்தான் சொல்வார்கள். வருஷத்தில் பத்து நாள்தான் அது ஓடும். மிச்ச நாளெல்லாம் அதைப் பற்றிய பேச்சு ஓடும்.

உண்மையில் அது ரயிலே இல்லை. பழைய டிராக்டர் ஒன்றுக்குத் தகரத்தில் மூக்கும் புகைபோக்கியும் வைத்துப் பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்கள். பின்னால் அதே பச்சையில் மூன்று பெட்டி. பெட்டி என்றால் டயர் வைத்த இரும்புச் சட்டம், அதன்மேல் நாலு பெஞ்சு, தலைக்கு மேலே ஒரு தகரக் கூரை, அவ்வளவுதான். திடலைச் சுற்றி வந்து, மெதுவாக ஏரிக்கரை மேட்டில் ஏறும். மேலே போனால் ஒரு பக்கம் தண்ணீர் ததும்பும் ஏரி, இன்னொரு பக்கம் மாட்டுச்சந்தையின் ஆயிரக்கணக்கான கொம்புகள், எதிரே மலை. அதைப் பார்க்கத்தான் ஜனம் ஏறும். ஊதல் சத்தம் கேட்டதும் திடலில் பஜ்ஜி தின்கிறவன், வளையல் பேரம் பேசுகிறவள், மாட்டுக்குப் பல் பார்க்கிறவன் எல்லோரும் ஒரு நொடி தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள்.

அந்த ரயிலை ஓட்டியவன் வேடியப்பன். மற்ற நாட்களில் கீழ்பென்னாத்தூர் பக்கம் டிராக்டரில் ஏர் ஓட்டுகிறவன். தீபத்துக்கு மட்டும் பொருட்காட்சி காண்ட்ராக்டர் ராஜமாணிக்கம் ஆள் அனுப்பிக் கூப்பிட்டுக்கொள்வார். காக்கிச் சட்டையும் ஒரு தொப்பியும் கொடுப்பார். தொப்பியோடு அவனைப் பார்க்கும்போது அவன் மனைவி ஜோதியம்மாளுக்குக் கல்யாணத்தன்று பார்த்ததைவிட அழகாகத் தெரிவான். இதை அவள் பாஞ்சாலையிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

பாஞ்சாலை அடுத்த வீட்டுக்காரி. அவள் புருஷன் அப்பாதுரை மணியக்காரர் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவர். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஜோதியம்மாளின் மகள் சரசு பாதி நாள் அவர்கள் வீட்டில்தான் தூங்கும். தீபம் வந்தால் இரண்டு பெண்களும் சேர்ந்து மல்லாட்டைக் கடை போடுவார்கள். வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்று பேர். பச்சை மல்லாட்டையை மண் போக அலசி, அண்டாவில் கொட்டி, கல்லுப்பு போட்டு வேகவிட்டால் கார்த்திகைக் குளிரில் அந்த ஆவிக்கே ஜனம் வந்து நிற்கும். ரயில் புறப்படுகிற இடத்தை ஒட்டியே அவர்கள் கடை. அளந்து போடுவது ஜோதியம்மாள், அடுப்பைப் பார்ப்பது பாஞ்சாலை. வெற்றிலையை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு, வருகிறவன் போகிறவனையெல்லாம் பாஞ்சாலை வம்புக்கு இழுப்பாள்.

"யோவ், ஓசியில தின்னு பாத்தே அரைப்படி காலி பண்ணிட்டியே, அப்பால வாங்க இன்னாத்துக்கு?"

கேட்டவன் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவான்.

ஏழு தீபம் அப்படிக் கடை போட்டார்கள். ரயில் கண்முன்னால் ஓடியும் பாஞ்சாலை ஒருமுறைகூட ஏறவில்லை. "எனுக்கு மாட்டு வண்டியே தல சுத்தும். நீ போயி ஏறுடி, உன் ஊட்டுக்காரன் வண்டிதானே" என்பாள்.

எழுபத்தெட்டாம் வருஷம் தீபத்தன்று காலை, தூறல் விட்டு வெயில் லேசாகத் தலைகாட்டியிருந்தது. அண்டாவில் முதல் ஈடு கொதித்துக்கொண்டிருந்தது. பாஞ்சாலை தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். அப்போது வேடியப்பன் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்து அடுப்புப் பக்கம் குந்தினான்.

"நான் இன்னிக்கி ஓட்டல" என்றான்.

"இன்னாய்யா, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணியும் இல்ல. கூட்டம் ஜாஸ்தின்னு நாலாவதா ஒரு பெட்டி மாட்டிட்டாரு. மூணாவதுக்கும் அதுக்கும் நடுவுல கொக்கிக்கு போடற பின்னு தேஞ்சி நேத்தே ஒடைஞ்சி போச்சி. அதுக்கு பதிலா கட்டடத்துக்குப் போடற கம்பிய வளச்சி சொருகி வச்சிருக்கான். கம்பி ஒடைஞ்சாலும் புடிச்சிக்க ஒரு சங்கிலி இருக்கணும். அதையும் கழட்டி ஜெனரேட்டர கட்டி வச்சிருக்கானுங்க. கரை மேட்டுல ஏறும்போது மொத்த பாரமும் அந்தக் கம்பி மேலதான்."

"காண்ட்ராக்டர் கிட்ட சொன்னியா?"

"ரெண்டு தபா சொன்னேன். பட்டறைக்காரன் தீபம் முடிஞ்சிதான் தொறப்பான், இன்னிக்கி ஒரு நாள் மெதுவா ஓட்டுன்றாரு."

ஜோதியம்மாள் அண்டாவைப் பார்த்தாள். பக்கத்தில் இரண்டு மூட்டை பச்சை மல்லாட்டை அலசி வைத்திருந்தது. அன்றைக்கு விற்காவிட்டால் மறுநாள் வழவழவென்று ஆகிவிடும். ரயில் நின்றால் திடலின் இந்த மூலைக்கு ஒரு ஈ வராது.

"ஒரு நாளுதானேய்யா. மெதுவா ஓட்டேன். இத்தினி வருசம் ஓட்டினவன் நீ, உனுக்குத் தெரியாதா? நல்ல நாளும் அதுவுமா வண்டிய நிறுத்திட்டு இன்னா பண்ணப் போற?"

வேடியப்பன் கொஞ்ச நேரம் அடுப்பு நெருப்பைப் பார்த்தான். அப்புறம் தொப்பியை விரித்துத் தலையில் வைத்துக்கொண்டு போனான்.

அன்று பகல் முழுக்க ரயில் ஓடியது. ஒவ்வொரு நடையும் மேட்டில் ஏறி இறங்கும்வரை ஜோதியம்மாளின் கண் கடைசிப் பெட்டியிலேயே இருந்தது. பத்து நடை, பதினைந்து நடை ஆனது. ஒன்றும் ஆகவில்லை. மத்தியானத்துக்கு மேல் அவளுக்கும் அது மறந்துவிட்டது. வியாபாரம் அப்படி.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். ஆறு மணிக்கு மலையில் தீபம் ஏற்றுவார்கள் என்பதால் கூட்டம் மெல்லக் கோயில் பக்கம் நகர ஆரம்பித்திருந்தது. அந்த நடைக்குக் கடைசிப் பெட்டியில் பாதிதான் நிரம்பியது. சீட்டுக் கிழிக்கிறவன், "யக்கா, எடம் சும்மாதான் போவுது, ஏறிக்கிறவங்க ஏறிக்குங்க" என்று கடைப் பக்கம் கத்தினான்.

"போக்கா" என்றாள் ஜோதியம்மாள். "ஏழு வருசமா புகையிலியே குந்திக்கினு இருக்க. ஒரு தபா மேல போயி ஏரியப் பாத்துட்டு வா."

"அடிப்போடி."

"சரசு வந்து கேட்டா இன்னா சொல்லுவ? பெரிம்மா பயந்துக்கினு ஏறவே இல்லன்னு சொல்லவா?"

பாஞ்சாலை வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்தாள். புடவையை இழுத்துச் செருகினாள். ஜோதியம்மாளே கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். பின்பக்கம் பார்த்த பெஞ்சில் ஓரமாக இடம் கிடைத்தது. வண்டி நகர்ந்ததும் பாஞ்சாலை கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஏய் ஜோதி, அடுப்பப் பாரு, அடுப்பப் பாரு" என்று கத்திக்கொண்டே போனாள். ஆனால் சிரிப்பு மட்டும் அடங்கவில்லை.

மேட்டில் பாதி ஏறியபோது 'டங்' என்று ஒரு சத்தம் வந்தது. பெரிய சத்தமில்லை. எஞ்சினும் மூன்று பெட்டியும் மேலே போயின. நாலாவது பெட்டி அங்கேயே நின்றது. ஒரு கணம் நின்றுவிட்டுப் பின்னால் வர ஆரம்பித்தது. இதுவும் வேடிக்கையில் ஒன்று என்று நினைத்துத் திடலில் சில பேர் கை தட்டினார்கள். பெட்டிக்கு பிரேக் கிடையாது. இறக்கத்தில் அது வேகம் பிடித்து, பாதையை விட்டு விலகி, மதகுக்குப் பக்கத்துக் கருங்கல்லில் மோதிக் கவிழ்ந்தது.

ஜோதியம்மாள் ஓடியபோது கையில் படி இருந்தது. அது எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. ஆறேழு பேருக்குக் கை, கால் முறிந்திருந்தது. தகரக் கூரையைத் தூக்க மாட்டுச்சந்தையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். வேடியப்பன் மேட்டின் மேலிருந்து உருண்டு புரண்டு வந்து வெறுங்கையால் இரும்பைத் தூக்கினான். அதன் அடியில் பாஞ்சாலை இருந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஜோதியம்மாள் உட்கார்ந்திருந்தபோது வெளியே ஊரே "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று ஒரே குரலாக எழுந்தது. கட்டுப் போட்டுக்கொண்டிருந்த நர்சம்மா கூட ஜன்னலுக்குப் போய் மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். நோயாளிகள் கையை ஊன்றி எழுந்து பார்த்தார்கள். ஜோதியம்மாள் திரும்பவில்லை. எதிர்ச் சுவரோரம் அப்பாதுரை உட்கார்ந்திருந்தார். அவரும் திரும்பவில்லை. டாக்டர் வந்து சொல்லிவிட்டுப் போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

வேடியப்பனைப் போலீஸ் கூட்டிப் போயிற்று. ஏழு நாள் கழித்து ஜாமீனில் விட்டார்கள். அவன் வந்த அன்றைக்கே ராஜமாணிக்கம் வீட்டுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி. கயிற்றுக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, தணிந்த குரலில்தான் பேசினார்.

"வர்ற வெள்ளிக்கிழம சப்-கலெக்டர் ஆபீசுல விசாரிக்கிறாங்க வேடியப்பா. மேட்டுல கொஞ்சம் வேகமா ஏத்திட்டேன், வண்டி குலுங்கி கழண்டுக்கிச்சின்னு சொல்லிடு. தெரியாம நடந்ததுதானேன்னு வுட்டுடுவாங்க. வக்கீல நான் பாத்துக்கறேன்."

வேடியப்பன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

"சங்கிலி இல்லியே சார்" என்றாள் ஜோதியம்மாள் கதவருகிலிருந்து.

"யாரு சொன்னது? போலீஸ்காரங்க பாக்கும்போது சங்கிலி பெட்டியிலதான்மா இருந்திச்சி." அவர் அவள் பக்கம் திரும்பவேயில்லை. "கம்பி, பின்னுன்னு வாயத் தொறந்தீன்னு வையி, தெரிஞ்சே ஓட்டினேன்னு நீயே ஒத்துக்கிட்ட மாரி ஆயிடும் வேடியப்பா. வேகமா ஓட்டினதுக்கு தண்டன கம்மி. தெரிஞ்சி ஓட்டினதுக்கு ஜாஸ்தி. கொழந்த இருக்கு உனுக்கு. யோசன பண்ணிக்க."

அவர் போனபிறகு வேடியப்பன் சொன்னான்: "அவரு சொல்ற மாரியே சொல்லிடறேன். எப்படிச் சொன்னாலும் ஓட்டினது நான்தானே."

ஜோதியம்மாள் வாசலுக்கு வந்து நின்றாள். அடுத்த வீட்டில் ஏழு நாளாகப் புகை எழும்பவில்லை. சரசு மட்டும் ஒருமுறை அந்த வாசல்வரை போய், தாழ்ப்பாள் போட்டிருக்கக் கண்டு திரும்பி வந்தது.

மறுநாள் காலை அவள் மணியக்காரர் நிலத்துக்குப் போனாள். மழைக்கு முன்னால் எடுத்தாக வேண்டும் என்று மல்லாட்டைச் செடியைப் பிடுங்கிக் குவித்திருந்தார்கள். அப்பாதுரை ஒரு குவியலுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து காய் பறித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வருஷமும் அந்த இடத்தில் பாஞ்சாலையும் உட்கார்ந்திருப்பாள். ஜோதியம்மாள் எதிரே உட்கார்ந்து ஒரு பிடி செடியை எடுத்து மண்ணைத் தட்டிக் காயைப் பறிக்க ஆரம்பித்தாள். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. கூடை கால்வாசி நிறைந்தது.

"மாமா" என்றாள். "ஒண்ணு சொல்லணும்."

அவர் கை நிற்கவில்லை.

"அந்தக் கம்பி தாங்காதுன்னு அன்னிக்கி காலையிலியே எங்களுக்குத் தெரியும் மாமா. பின்னு ஒடைஞ்சி கட்டடக் கம்பிய சொருகி வச்சிருந்தாங்க. சங்கிலிய கழட்டிட்டாங்க. எங்க ஊட்டுக்காரரு ஓட்டமாட்டேன்னுதான் சொல்லிச்சி. நான்தான்..." கையிலிருந்த காயைக் கூடையில் போட்டாள். "ரெண்டு மூட்ட மல்லாட்ட வீணாப் பூடும்னு, நான்தான் போயி ஓட்டுன்னு சொன்னேன். அக்காவ கையப் புடிச்சி ஏத்தனதும் நான்தான். வேற யாரும் இல்ல."

அப்பாதுரை கையிலிருந்த செடியைக் கீழே வைத்தார். தூரத்தில் மலை உச்சியில் மேகம் மூடியிருந்தது.

"ஏறும்போது அவ பயந்தாளா?"

"மொதல்ல பயந்துச்சி. அப்பால சிரிச்சிச்சி மாமா. அடுப்பப் பாரு, அடுப்பப் பாருன்னு கத்திக்கினே சிரிச்சிச்சி."

அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"இத ஏன் எங்கிட்ட சொல்ற?"

"வேகமா ஓட்டினதாலதான் அக்கா செத்துப்போச்சின்னு ஆபீசுல எழுதிக்குவாங்க. அந்தப் பொய்ய உனுக்குப் பக்கத்து ஊட்டுல வச்சிக்கினு நான் எப்படி இருக்கறது?"

"உன் புருசன் ஜெயிலுக்குப் போவான்."

"தெரியும்."

"போ" என்றார். "ஊட்டுக்குப் போ. எம்முன்னால இப்ப குந்தாத."

அவள் எழுந்து போனாள். வரப்பு ஏறித் திரும்பிப் பார்த்தபோது அவர் பறிப்பதை விட்டுவிட்டு எழுந்து நிற்பது தெரிந்தது.

அன்றைக்கு ராத்திரி அவள் வேடியப்பனிடம் நடந்ததைச் சொன்னாள். அவன் கோபப்படுவான் என்று நினைத்தாள். அவன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "ஒரு வாரமா மூச்சு வுட முடியல ஜோதி" என்றான். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை சப்-கலெக்டர் ஆபீஸ் வெராந்தாவில் ராஜமாணிக்கம் வக்கீலோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி சின்ன வயசுக்காரர். மின்விசிறிக் காற்றில் பறக்கிற காகிதங்களின்மேல் கல்லை வைத்துக்கொண்டு கேட்டார்.

வேடியப்பன் சொன்னான். பின் ஒடிந்தது, கம்பி சொருகியது, சங்கிலி கழற்றியது, தான் இரண்டு தடவை சொன்னது, அப்புறமும் ஓட்டியது எல்லாவற்றையும் சொன்னான். ஜோதியம்மாள் தன் பங்கையும் சொன்னாள். சீட்டுக் கிழிக்கிறவனைக் கூப்பிட்டார்கள். அவன் ராஜமாணிக்கத்தைப் பார்த்துவிட்டுத் தனக்கு எதுவும் தெரியாது என்றான்.

வக்கீல் சிரித்தார். "தன் பேருல இருக்கற தப்ப மொதலாளி மேல தள்றாங்க சார். கம்பின்னு ஒண்ணு இருந்திருந்தா போலீஸ் கையில கெடைச்சிருக்கணுமே?"

அதிகாரி பேனாவைக் கையில் உருட்டினார். அப்போதுதான் பின்வரிசையில் இருந்த அப்பாதுரை எழுந்தார். அவர் வந்திருப்பதையே ஜோதியம்மாள் கவனித்திருக்கவில்லை. தோள் துண்டை எடுத்து மேசைமேல் வைத்துப் பிரித்தார். உள்ளே ஒரு சாண் நீளத்தில் வளைந்த கட்டடக் கம்பி. ஒரு முனை வளையமாக முறுக்கியிருந்தது, இன்னொரு முனை புதிதாக ஒடிந்திருந்தது. பச்சை பெயிண்ட் அதில் ஒட்டியிருந்தது.

"எங்க கெடைச்சிது பெரியவரே?"

"கரை மேட்டுக்குக் கீழ, சேத்துலங்க. மூணு நாளு காலால தொழாவினேன். நேத்து சாயங்காலம் ஆப்ட்டுச்சி." அவர் கையை விரித்துக் காட்டினார். "நான் தேடும்போது சந்தையிலேர்ந்து நாலு பேரு பாத்துக்கினு இருந்தாங்க. வேணும்னா கூப்புடுங்க. இந்தப் பச்ச பெயிண்டு எந்த வண்டியுதுன்னு மட்டும் அவர கேளுங்க சார்."

ராஜமாணிக்கம் வக்கீலைப் பார்த்தார். சீட்டுக் கிழிக்கிறவன் மூலையில் அழ ஆரம்பித்தான். தான்தான் அதை வளைத்ததாகவும், முதலாளி சொல்லித்தான் செய்ததாகவும் சொன்னான்.

வழக்கு கோர்ட்டுக்குப் போய் இரண்டு வருஷத்துக்கு மேல் நடந்தது. ராஜமாணிக்கத்துக்கு ஒன்றரை வருஷம், வேடியப்பனுக்கு ஆறு மாசம். அவன் மேல்முறையீடு கேட்கவில்லை. வேலூருக்குக் கூட்டிப் போகும்போது சரசுவின் தலையைத் தடவிவிட்டுப் பஸ் ஏறினான். வழக்கு நடந்த வருஷங்களில் தீபத்துக்குத் திடலில் ராட்டினம் சுற்றியது, மாட்டுச்சந்தையும் கூடியது. ரயில் வரவில்லை. இன்ஜினீயர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் எந்த வண்டியும் ஓடக்கூடாது என்று உத்தரவு வந்ததாகப் பேசிக்கொண்டார்கள். ஜோதியம்மாள் கடை போடவில்லை. நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க் குடும்பத்தை இழுத்தாள். அந்த மூன்று வருஷத்திலும் அப்பாதுரை அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சரசு மட்டும் போகும், வரும். அதை அவர் தடுக்கவில்லை.

எண்பத்தொன்றில் வேடியப்பன் வெளியே வந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. கீழ்பென்னாத்தூரில் அவனுக்கு டிராக்டர் சாவி கொடுக்க யாரும் தயாரில்லை. ஜெயிலுக்குப் போனவன், ஆளைச் சாகடித்தவன் என்றார்கள். அவன் செங்கல் சூளைக்குப் போனான், கிணறு வெட்டப் போனான். ராத்திரியில் கை தானாகவே ஸ்டியரிங்கைத் திருப்புவதுபோல் அசையும். ஜோதியம்மாள் பார்த்தும் பார்க்காததுபோல் படுத்திருப்பாள்.

ஐப்பசி கடைசியில் மணியக்காரர் புதிதாக டிராக்டர் வாங்கினார். டிரைவர் தேடுவதாகத் தெரிந்தும் வேடியப்பன் அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு நாள் பொழுது சாயும் நேரம், மணியக்காரர் வீட்டு மாட்டுக்காரி சந்திரம்மாள் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"ஜோதி, உனுக்கு சேதி தெரியுமா? அப்பாதுரை அண்ணன் இன்னிக்கி மணியக்காரரு முன்னால நின்னு உன் ஊட்டுக்காரன வேலைக்கு வச்சிக்கச் சொல்லிச்சி. அவரு கேட்டாரு, 'உன் பொண்டாட்டிய கொன்னவன்டா, நீயே சொல்றியா'ன்னு. அதுக்கு அண்ணன் இன்னா சொல்லிச்சி தெரியுமா? 'ஆமாங்க. அதனாலதான் சொல்றேன். இந்த ஜில்லாவுலியே கொக்கியப் பாக்காம வண்டி எடுக்காத ஒரே டிரைவரு இப்ப அவன்தான்'னு சொல்லிச்சி."

ஜோதியம்மாள் கையிலிருந்த முறத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் விடியலில் களத்துமேட்டில் டிராக்டர் நின்றது. பின்னால் டிரெய்லரில் கீழ்பென்னாத்தூர் மண்டிக்குப் போக வேண்டிய மல்லாட்டை மூட்டைகள். வேடியப்பன் ஏறவில்லை. பின்பக்கம் போய்க் குனிந்து பின்னை அசைத்துப் பார்த்தான். அதன் கீழே சங்கிலியை இழுத்துப் பார்த்தான். மறுபடியும் பின்னை அசைத்தான். மணியக்காரர் வீட்டு ஆட்கள் பொறுமை இழந்து, "இன்னாப்பா, நேரமாவுது" என்றார்கள். அவன் காதில் விழவில்லை. மண்ணில் படுத்து அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தான்.

அப்பாதுரை பக்கத்திலேயே நின்று அவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்தார். மண்டிக்கு மூட்டையோடு போகிறவர் எப்போதும் டிரைவர் பக்கத்தில் மட்கார்டில்தான் உட்காருவார். அன்றைக்கு அவர் பின்னால் போனார். டிரெய்லர் சக்கரத்தில் காலை ஊன்றி ஏறினார். கடைசி மூட்டைக்கும் பின்னால், முதுகைக் காட்டித் தெருவைப் பார்த்தபடி ஓரமாக உட்கார்ந்தார். இரண்டு காலையும் கீழே தொங்கவிட்டார்.

வேடியப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தான்.

"அண்ணா, முன்னால வந்து குந்துணா."

"பரவால்ல" என்றார் அப்பாதுரை. "எடுடா."

களத்தோரம் நின்ற ஜோதியம்மாளை அப்போதுதான் அவர் பார்த்தார். மூன்று வருஷத்துக்கு அப்புறம் அவளிடம் பேசினார்.

"உன் ஊட்டுத் திண்ணையில என் ஊட்டு சாவிய வச்சிட்டு வந்திருக்கேன். சரசு வந்தா தொறந்து வுடு."

வண்டி நகர்ந்தது. மேடு ஏறி, வேப்பமரத்தைத் தாண்டி, தார்ச்சாலைக்குத் திரும்பும்வரை ஜோதியம்மாள் அசையவில்லை. கடைசி மூட்டையின் ஓரத்தில் அவருடைய இரண்டு கால்களும் சின்னப்பிள்ளையின் கால்கள்போல ஆடிக்கொண்டே போயின.